கல்வி ஆய்வின் வகைகளும் முறைகளும்: எல்லைப்புறத் தமிழ் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிகளில் வேலை பார்த்துக்கொண்டே எம்.எட். படிப்பவர்களும், பி.எட். பயிற்சிக்காகச் செயல் ஆய்வு எழுத வேண்டியவர்களும், முனைவர் பட்டத்துக்குப் பதிந்துவிட்டுத் தலைப்புத் தேடுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. சித்தூர் என்றால் இங்கே பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரத்துச் சித்தூர் பக்கமும் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. நகரி, குப்பம் ஊர்க்காரர்கள் மலையாளம் என்று வரும் இடத்தில் தெலுங்கு என்று மாற்றிப் படித்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்தும்.

வகுப்பில் தினமும் பிள்ளைகளைக் கவனிக்கிறோம், பரீட்சை வைக்கிறோம். அது ஆய்வு ஆகாதா?

ஆகாது, ஆனால் ஆய்வுக்கு விதை அதுதான். "ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் ஏறவில்லை" என்பது அனுபவம். எந்தப் பிள்ளைகளுக்கு, எந்தப் பாடத்தில், எதை வைத்து ஏறவில்லை என்று சொல்கிறோம், வேறு காரணம் இருக்க முடியாதா என்று முறைப்படி கேட்டு, இன்னொருவர் சரிபார்க்கும்படி சான்றுகளோடு எழுதினால் அது ஆய்வு. சரிபார்க்க வழி இல்லாத எதையும் ஆய்வு என்று சொல்லாதீர்கள், முந்நூறு பக்கம் இருந்தாலும்.

அடிப்படை ஆய்வு, பயன்பாட்டு ஆய்வு, செயல் ஆய்வு: மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

1885இல் ஜெர்மானியர் ஹெர்மான் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து வெளியிட்டார். எந்தப் பள்ளிக்கும் உதவ வேண்டும் என்று அவர் அதைச் செய்யவில்லை. மறதி எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அது அடிப்படை ஆய்வு. படித்ததை இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கிறதா என்று பல பள்ளிகளில் பார்ப்பது பயன்பாட்டு ஆய்வு. உங்கள் ஏழாம் வகுப்பில் வாரம் இரண்டு நாள், போன வாரப் பாடத்தில் ஐந்து கேள்வி கேட்டு, மாற்றம் வருகிறதா என்று நீங்களே பார்ப்பது செயல் ஆய்வு. முதலாவது அறிவுக்காக, இரண்டாவது பொதுத் தீர்வுக்காக, மூன்றாவது உங்கள் வகுப்புக்காக. மூன்றில் எதுவும் மற்றதைவிடத் தாழ்ந்ததில்லை.

வரலாற்று ஆய்வு, விவரண ஆய்வு, பரிசோதனை ஆய்வு என்று வேறொரு பட்டியலும் புத்தகத்தில் இருக்கிறதே. எது சரி?

இரண்டும் சரி. முதல் பட்டியல் நோக்கத்தை வைத்துப் பிரிப்பது, இரண்டாவது முறையை வைத்துப் பிரிப்பது. முன்பு என்ன நடந்தது என்று கேட்டால் வரலாற்று ஆய்வு. இப்போது என்ன நிலை என்று கேட்டால் விவரண ஆய்வு. இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டால் பரிசோதனை ஆய்வு. எண்ணால் அளப்பதா, சொல்லால் விவரிப்பதா என்பது மூன்றாவது பிரிவினை. ஒரே ஆய்வு மூன்றிலும் ஓரிடத்தில் உட்காரும். மேலே சொன்ன ஏழாம் வகுப்பு வேலை நோக்கத்தால் செயல் ஆய்வு, முறையால் ஒருவகைப் பரிசோதனை, தரவால் எண் சார்ந்தது. வாய்மொழித் தேர்வில் "உங்கள் ஆய்வு என்ன வகை?" என்று கேட்டால் இந்த மூன்றையும் சொல்லிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

சரி, நான் எந்த வகையை எடுப்பது?

இந்தக் கேள்வியே தலைகீழ். "நான் சர்வே பண்ணப் போகிறேன், தலைப்பு சொல்லுங்கள்" என்று வருபவர்கள்தான் அதிகம். கேள்வி முதலில் வர வேண்டும். முறையை அது சொல்லிவிடும். எத்தனை பிள்ளைகள் தமிழ் வழியிலிருந்து மலையாள வழிக்கு மாறுகிறார்கள் என்றால் சர்வேயும் பதிவேடுகளும் போதும். ஏன் மாற்றுகிறார்கள் என்றால் பெற்றோரோடு உட்கார்ந்து பேச வேண்டும். வினாத்தாளில் நாலு கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொன்னால் எல்லோரும் "எதிர்காலம் கருதி" என்றுதான் அடிப்பார்கள். மாறிய பிள்ளைக்கு எந்த உதவி பயன்படும் என்றால் ஏதாவது செய்து பார்க்க வேண்டும். ஒரே விஷயம், மூன்று கேள்வி, மூன்று முறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் மன அழுத்தமும் பணி நிறைவும்" மாதிரித் தலைப்புகள் ஊர் ஊராகச் சுற்றி வருகின்றன. மாவட்டப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், டியூஷனில் ஆங்கிலம் என்று வாழும் பிள்ளையை எதிரே உட்கார வைத்துக்கொண்டு இதை ஏன் எடுக்க வேண்டும்?

சர்வே என்றால் வினாத்தாள் கொடுத்து வாங்குவதுதானே?

வினாத்தாள் ஒரு கருவி. சர்வே என்பது, ஒரு பெரிய கூட்டத்தைப் பற்றிச் சொல்வதற்காக அதிலிருந்து முறையாக எடுத்த ஒரு பகுதியைப் பார்ப்பது. வினாத்தாள், நேர்காணல், தேர்வு, உற்றுநோக்கல் எதை வைத்தும் செய்யலாம். யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும், எல்லை ஊரில் அது நினைப்பதைவிடச் சிக்கல்.

இரண்டு பெரிய கணக்கெடுப்புகளைப் பாருங்கள். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005இல் தொடங்கிய அசர் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போகிறது: ஒரு கிராமப்புற மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளை எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாக வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். மத்திய அரசின் தேசிய அடைவுத் தேர்வு பள்ளிக்குப் போனது. 2021 நவம்பர் 12இல் 3, 5, 8, 10ஆம் வகுப்புகளுக்கு நாடு முழுவதும் நடந்தது. வேலந்தாவளத்தில் வீடு, பொள்ளாச்சி பக்கம் பள்ளி என்று ஒரு பிள்ளை இருந்தால், வீட்டுக் கணக்கெடுப்பில் அவன் பாலக்காடு மாவட்டத்துப் பிள்ளை, பள்ளிக் கணக்கெடுப்பில் கோயம்புத்தூர் மாவட்டத்துப் பிள்ளை. படிப்பை நிறுத்தியவன் வீட்டுக் கணக்கில் மட்டும்தான் வருவான். ஆகவே இரண்டு அறிக்கைகளின் சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "முரண்பாடு" என்று எழுதாதீர்கள். இரண்டும் வேறு கூட்டத்தைப் பார்க்கின்றன. உங்கள் ஆய்விலும் "சித்தூர் தாலுகாவின் தமிழ் மாணவர்கள்" என்று எழுதினால், இங்கே வசிப்பவர்களா, இங்கே படிப்பவர்களா, வீட்டில் தமிழ் பேசுபவர்களா, தமிழ் வழியில் படிப்பவர்களா என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள். நாலும் நாலு எண்ணிக்கை.

ஒட்டுறவு ஆய்வில் 0.6 வந்தது. நல்லதா?

நல்லது, கெட்டது என்று எதுவும் இல்லை. ஒட்டுறவுக் கெழு என்பது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்; அது −1இலிருந்து +1 வரை இருக்கும். வீட்டில் நாளிதழ் வாசிக்கும் நேரத்துக்கும் தமிழ் மதிப்பெண்ணுக்கும் 0.6 என்றால், இரண்டும் ஓரளவு சேர்ந்து ஏறுகின்றன. அதன் வர்க்கம் 0.36, மதிப்பெண்ணில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் மாறுபாட்டில் நூற்றுக்கு 36 பங்குதான் இந்த உறவோடு சேர்ந்து போகிறது என்று பொருள். நாளிதழ் வாங்கினால் மார்க் ஏறும் என்று அது சொல்லவே இல்லை. நாளிதழ் வாங்குகிற வீட்டில் படித்த பெற்றோர் இருக்கலாம், இரண்டுக்கும் காரணம் அதுவாக இருக்கலாம். கடைசி அத்தியாயத்தில் "எனவே ஒவ்வொரு வீட்டிலும் நாளிதழ் வாங்கப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதுவது ரொம்ப வழக்கமான தவறு.

நடந்து முடிந்ததைப் பின்னோக்கி ஒப்பிடும் ஆய்வு என்றால்?

காரணம் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது, நம்மால் அதைக் கொடுக்கவோ நிறுத்தவோ முடியாது என்ற இடத்தில் இது. தமிழ் பேசும் டீச்சர் இருந்த அங்கன்வாடிக்குப் போன பிள்ளைகள், மலையாளம் மட்டும் பேசும் டீச்சரிடம் போன பிள்ளைகள்: இரண்டு கூட்டமும் இப்போது இரண்டாம் வகுப்பில் எப்படி வாசிக்கின்றன என்று ஒப்பிடலாம். ஆனால் யார் எந்த அங்கன்வாடிக்குப் போனார்கள் என்பதை நாம் தீர்மானிக்கவில்லை. கூலி வேலைக்குப் போகும் அம்மா கிட்ட இருப்பதில் விட்டிருப்பார், வசதி உள்ளவர் தூரம் கூட்டிப் போயிருப்பார். ஆகவே வீட்டு வசதி, பெற்றோர் படிப்பு இவற்றில் ஒத்துப் போகிற பிள்ளைகளை இணைத்து இணைத்து ஒப்பிட வேண்டும். அப்படியும் முடிவைத் தாழ்ந்த குரலில்தான் சொல்லலாம்.

பரிசோதனை ஆய்வு செய்ய வேண்டும். இரண்டு டிவிஷன் எடுத்து, ஒன்றுக்குப் புதுமுறை, ஒன்றுக்குப் பழையமுறை, பின்தேர்வு. அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. பரிசோதனை என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் எந்தப் பிள்ளை எந்தக் குழு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்திருக்க வேண்டும். டிவிஷனை எச்.எம். ஜூன் மாதமே பிரித்துவிட்டார். அதை நீங்கள் கலைக்க முடியாது. ஆகவே நீங்கள் செய்வது அரைப் பரிசோதனை. அப்படியே எழுதினால் யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். முன்தேர்வு வைத்து இரண்டு டிவிஷனும் தொடக்கத்தில் எங்கே இருந்தன என்று காட்டுவதுதான் இங்கே உயிர்.

அமெரிக்கர்கள் டொனால்ட் காம்ப்பெல், ஜூலியன் ஸ்டான்லி இருவரும் 1963இல், ஒரு பரிசோதனை முடிவைக் கெடுக்கக்கூடிய காரணங்களை வரிசைப்படுத்தினார்கள். நம் பள்ளிக்கு அவை எப்படி வரும் என்று பார்ப்போம்.

நடுவில் ஏதாவது நடந்துவிடலாம்: உங்கள் பயிற்சி ஓடும்போதே பி.ஆர்.சி.யிலிருந்து (வட்டார வள மையம்) வாசிப்பு முகாம் நடத்திவிட்டால், ஏற்றம் யாரால்? பிள்ளைகள் தாமாகவே வளர்கிறார்கள். முதல் வகுப்பில் ஆறு மாதம் என்பது பெரிய காலம். முன்தேர்வே ஒரு பயிற்சி. அதே வினாத்தாளைப் பின்தேர்வுக்கும் கொடுத்தால் பாதி பேருக்கு விடை நினைவிருக்கும். அளவுகோல் மாறலாம்: முன்தேர்வைக் கண்டிப்பாகத் திருத்திவிட்டு, பின்தேர்வை நல்ல மனநிலையில் திருத்துவது. குழுவைத் தேர்ந்தெடுத்த விதமே வேறுபாடாக இருக்கலாம்: ஏ டிவிஷனில் காலையில் வேன் பிடித்து வருகிறவர்கள், பி டிவிஷனில் பக்கத்துக் களத்து வேலைக்காரர் பிள்ளைகள். பாதியில் விட்டுப் போகிறவர்களும் உண்டு, நம் பக்கம் அது அதிகம்; நவம்பரில் டி.சி. வாங்கிப் பொள்ளாச்சிக்குப் போகிறவன் பின்தேர்வில் இருக்க மாட்டான், அவன் பலவீனமான மாணவனாக இருந்தால் அவன் போனதாலேயே சராசரி ஏறும்.

இதில் ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல ஆசிரியர்களும் ஏமாறுகிறார்கள். ஓணப் பரீட்சையில் கடைசி பத்து மாணவர்களை எடுத்து, தனி வகுப்பு நடத்தி, கிறிஸ்துமஸ் பரீட்சையில் அவர்கள் சராசரி ஏறிவிட்டது என்று காட்டுவது. தனி வகுப்பே நடத்தாமல் விட்டிருந்தாலும் அந்தப் பத்துப் பேரின் சராசரி கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். கடைசி பத்தில் வந்தவர்களில் சிலர் உண்மையிலேயே பலவீனமானவர்கள். சிலர் அன்று காய்ச்சலில் எழுதியவர்கள், சிலர் தெரியாத கேள்வியே வந்து மாட்டியவர்கள். அடுத்த பரீட்சையில் காய்ச்சல்காரர் தன் நிலைக்குத் திரும்புவார். ஆங்கிலேயர் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு 1886இல் காட்டிய அதே விஷயம்தான். மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியாகத் தங்கள் பெற்றோர் அளவுக்கு உயரமாக இல்லை. மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் அவ்வளவு குட்டையாகவும் இல்லை. இதற்கு மருந்து, கடைசி இருபது பேரை எடுத்துச் சீட்டுப் போட்டுப் பத்துப் பேருக்கு முதலில் தனி வகுப்பு, மீதிப் பத்துப் பேருக்கு அடுத்த பருவத்தில் என்று வைப்பது. யாருக்கும் அநியாயம் இல்லை, கட்டுப்பாட்டுக் குழுவும், அதாவது பயிற்சி பெறாமல் ஒப்பீட்டுக்கு நிற்கும் குழுவும், கிடைத்துவிட்டது.

எங்கள் பள்ளியில் தமிழுக்கு ஒரே டிவிஷன்தான். அப்புறம் எப்படிக் கட்டுப்பாட்டுக் குழு?

மூன்று வழி உண்டு. பக்கத்து ஊர் தமிழ்ப் பள்ளியை ஒப்பீட்டுக்கு எடுக்கலாம். ஆனால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளியை எடுக்காதீர்கள். பாடப்புத்தகம் வேறு, காலாண்டு அரையாண்டு என்று பரீட்சைக் கணக்கும் வேறு. இங்கே கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. (மாநிலக் கல்வி ஆய்வு, பயிற்சி நிறுவனம்) தமிழில் வெளியிடும் புத்தகம், அங்கே தமிழ்நாட்டுப் புத்தகம். எந்தப் புத்தகத்திலிருந்து வினா எடுத்தாலும் ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் சாதகம்.

இரண்டாவது, அதே வகுப்பைப் பல வாரம் தொடர்ந்து அளப்பது. பயிற்சிக்கு முன் நாலைந்து வாரம் சின்னச் சின்னத் தேர்வு, பயிற்சிக்குப் பின்னும் அப்படியே. கோடு வரைந்து பார்த்தால் ஏற்றம் பயிற்சி தொடங்கிய இடத்தில் வருகிறதா, முன்பே ஏறிக்கொண்டிருந்ததா என்று தெரிந்துவிடும். மூன்றாவது, செயல் ஆய்வாகவே வைத்துக்கொள்வது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. செலவில்லை, நேர்மையானது.

நான் வகுப்பில் உட்கார்ந்தாலே பிள்ளைகள் ஒழுங்காகிவிடுகிறார்கள். இது ஆய்வைக் கெடுக்குமா?

கெடுக்கும். சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹாதார்ன் என்ற தொழிற்சாலையில் 1920களிலும் 30களிலும் நடந்த ஆய்வுகளை ஒட்டி, கவனிக்கப்படுகிறோம் என்ற நினைப்பே நடத்தையை மாற்றுவதற்கு ஹாதார்ன் விளைவு என்று பெயர் வந்தது. அந்தத் தரவுகளைப் பிற்பாடு அலசியவர்கள் விளைவு சொன்ன அளவுக்கு இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் எச்சரிக்கை சரியானதே. முதல் சில வகுப்புகளை வெறுமனே உட்கார்ந்து பழக்கிவிட்டு, அதற்குப் பிறகு குறிப்பெடுக்கத் தொடங்குங்கள்.

ஆசிரியரின் எதிர்பார்ப்பும் இப்படித்தான். 1968இல் ரோசந்தாலும் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் முறையில் தேர்ந்த ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளை "இந்த ஆண்டு மலரப் போகிறவர்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடியது என்று காட்டினார்கள். அதன் முறையைக் குறை சொன்னவர்களும் பலர். உங்களுக்கு வேண்டிய பாடம் சின்னது: பின்தேர்வுத் தாளை, எந்தக் குழுவுடையது என்று தெரியாத இன்னொரு டீச்சரைத் திருத்தச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் தமிழ்ப் பள்ளியின் வரலாற்றை எழுதலாமா? அது ஆய்வாகுமா?

தாராளமாக, ஆண்டு மலரில் வருவது மாதிரி எழுதாவிட்டால். வரலாற்று ஆய்வில் முதன்மைச் சான்று, துணைச் சான்று என்று இரண்டு. அட்மிஷன் ரெஜிஸ்டர், வருகைப் பதிவேடு, ஆய்வாளர் எழுதிய குறிப்பு, பழைய கடிதம், அந்தக் காலத்தில் படித்தவர் சொல்வது முதன்மை. நூற்றாண்டு மலர் துணை. அதில் நிறுவனர் எப்போதும் வள்ளலாகத்தான் இருப்பார்.

ஒவ்வொரு சான்றிடமும் இரண்டு கேள்வி. இது உண்மையிலேயே அந்தக் காலத்துத் தாளா? அதில் எழுதியிருப்பது நம்பத்தக்கதா? வருகைப் பதிவேடு அசலாகவே இருக்கலாம், ஆனால் டிவிஷன் போய்விடக் கூடாது என்று தலை எண்ணிக்கையைக் கூட்டி எழுதியிருக்கவும் கூடும்.

எங்கே தேடுவது என்பதற்கு நம் ஊர் அரசியல் வரலாறு தெரிய வேண்டும். சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில். கொச்சியும் திருவிதாங்கூரும் 1949இல் இணைந்தன, 1956 நவம்பர் 1இல் மலபாரும் சேர்ந்து கேரளம் ஆனது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு ஊர்ப் பள்ளிகளின் பழைய தாள்கள் வேறு வேறு ஊரில் கிடக்கலாம். கேரள அரசு ஆவணக் காப்பகத்துக்குத் திருவனந்தபுரம் போக, எர்ணாகுளத்திலும் கோழிக்கோட்டிலும் வட்டார அலுவலகங்கள் உண்டு. கொச்சித் தாள்களுக்கு எர்ணாகுளம், மலபார்த் தாள்களுக்குக் கோழிக்கோடு என்று தொடங்குங்கள். அதே 1956இல் அரசியலமைப்பில் 350ஏ பிரிவும் சேர்ந்தது: மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று. அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் உங்கள் பள்ளிப் பதிவேட்டில் தமிழ் வழிச் சேர்க்கை எப்படி இருந்தது என்பது ஒரு முழு ஆய்வுக்குப் போதுமான கேள்வி.

கேஸ் ஸ்டடிக்கும் இனவரைவியலுக்கும் என்ன வித்தியாசம்?

கேஸ் ஸ்டடி ஒரே ஒரு பிள்ளையையோ, ஒரு பள்ளியையோ, ஒரு திட்டத்தையோ எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்ப்பது. இனவரைவியல் ஒரு மக்கள் கூட்டத்தோடு மாதக்கணக்கில் தங்கி, அவர்கள் தங்கள் வாழ்க்கையை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று எழுதுவது. மூணாறு, பீர்மேடு தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கிறது, அண்ணன் படிப்பை விட்டதைப் பற்றி வீட்டில் என்ன பேச்சு, டீச்சர் பேசும் மலையாளத்தைக் கேலி செய்கிறதா, பெருமையாகத் திருப்பிச் சொல்கிறதா என்பதெல்லாம் ஒரு வினாத்தாளிலும் வராது.

மூன்று நாள் போய்விட்டு வந்து "இனவரைவியல் முறை பின்பற்றப்பட்டது" என்று எழுதாதீர்கள். நேரமில்லை என்றால் கேஸ் ஸ்டடி என்றே சொல்லுங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

பி.எட்.டுக்குச் செயல் ஆய்வு கட்டாயம். சின்னதாக, உருப்படியாக எப்படி?

உளவியலாளர் குர்ட் லெவின் 1946இல் எழுதிய கட்டுரையிலிருந்து இந்த முறை பரவியது. ஸ்டீபன் கோரி 1953இல் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். திட்டமிடு, செய், கவனி, யோசி, மறுபடி திட்டமிடு என்று சுற்றிச் சுற்றி வரும்.

நாலாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் மலையாள டிக்டேஷனில் தொடர்ந்து தப்புப் பண்ணுகிறார்கள் என்று வைப்போம். தமிழில் க ஒன்றுதான். மலையாளத்தில் அந்த இடத்தில் நாலு எழுத்து. முதலில் தப்புகளைப் பொறுக்கிப் பாருங்கள்: எல்லாம் அந்த நாலெழுத்துக் குழப்பமா, வேறா? குழப்பம் அங்கேதான் என்றால், காதால் பிரித்துக் கேட்கும் விளையாட்டை இரண்டு வாரம் நடத்துங்கள். எழுதச் சொல்லாதீர்கள். பிறகு ஒரு டிக்டேஷன். மூன்று பேர் தேறி இரண்டு பேர் தேறவில்லை என்றால், அந்த இருவருக்கு வேறு என்ன சிக்கல் என்று இரண்டாம் சுற்று. நாட்குறிப்பு, பிள்ளைகளின் நோட்டு, இரண்டு டிக்டேஷன் தாள்: தரவு இதுவே போதும். டி மதிப்பு, எஃப் மதிப்பு எதுவும் வேண்டாம். ஐந்து பேருக்குப் புள்ளியியல் சோதனை போட்டு வரும் ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும்.

கருதுகோள் கட்டாயமா?

கருதுகோள் என்பது சோதித்துப் பார்ப்பதற்காக முன்கூட்டியே எழுதி வைக்கும் எதிர்பார்ப்பு. பரிசோதனைக்கும் ஒட்டுறவுக்கும் வேண்டும். கேஸ் ஸ்டடிக்கும் இனவரைவியலுக்கும் ஆய்வு வினா போதும்.

எத்தனை பேரை மாதிரியாக எடுக்க வேண்டும்?

எல்லோரும் காட்டுவது 1970இல் கிரெஜ்சியும் மார்கனும் வெளியிட்ட அட்டவணை. மொத்தம் 100 பேர் என்றால் 80, 1000 பேர் என்றால் 278, லட்சம் பேர் என்றால் 384. இந்த அட்டவணை எதற்கு என்று பலர் படிப்பதில்லை: குலுக்கல் முறையில் எடுத்த மாதிரியிலிருந்து ஒரு சதவீதத்தை 5 புள்ளிக்குள், 95 சதவீத நம்பிக்கையோடு மதிப்பிட. உங்கள் பரிசோதனைக்கும் நேர்காணலுக்கும் அது பொருந்தாது.

குலுக்கல் என்றால் ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) அலுவலகத்திலிருந்து பட்டியல் வாங்கி, தமிழ் வழி, மலையாள வழி, இரண்டும் உள்ள பள்ளி என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் சீட்டு எடுப்பது. பஸ் வசதியுள்ள பள்ளிகளாகப் பார்த்து எடுத்தால் அது வசதி மாதிரி. எடுக்கலாம், ஆனால் அப்படித்தான் எடுத்தேன் என்று எழுத வேண்டும்.

வினாத்தாள் எந்த மொழியில்?

பதில் சொல்பவர் யோசிக்கும் மொழியில். ஆங்கிலத்தில் இருக்கும் கருவியைத் தமிழாக்கினால், அதை ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். மலையாள வழிப் பிள்ளைகளும் ஆய்வில் இருந்தால் மலையாள வடிவத்துக்கும் அதே வேலை. இல்லாவிட்டால் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் மலையாளப் பிள்ளைகளுக்கும் நடுவில் நீங்கள் கண்ட வேறுபாடு வினாத்தாளின் வேறுபாடாகவே இருக்கலாம். நூல் தமிழில் கேட்காதீர்கள். இங்கத்துப் பிள்ளைக்குப் பழகிய சொல்லில் கேளுங்கள்.

லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்த அளவுகோல் தெரியும்: முழுதும் ஒப்புக்கொள்கிறேன் தொடங்கி முழுதும் மறுக்கிறேன் வரை. எட்டாம் வகுப்புக்குக் கீழே அதைக் கொடுத்தால் பாதிப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" போடுவார்கள், டீச்சர் கொடுத்த தாள் ஆயிற்றே. சில வாக்கியங்களை எதிர்மறையாக வைத்தால் யார் படித்து டிக் அடித்தார், யார் படிக்காமல் அடித்தார் என்று தெரியும்.

நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் ஒன்றா?

இல்லை. திரும்ப அளந்தாலும் அதே விடை வந்தால் நம்பகம். அளக்க நினைத்ததையே அளந்தால் ஏற்புடைமை. கணக்குத் திறனைச் சோதிக்க அரைப்பக்க மலையாளத்தில் ஒரு வாக்கியக் கணக்கு கொடுத்தால், தமிழ்ப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிக் குறைந்த மார்க் வாங்குவான். நம்பகம் இருக்கிறது, ஏற்புடைமை இல்லை. நீங்கள் அளந்தது அவன் மலையாளத்தை. குரோன்பாக் 1951இல் தந்த ஆல்ஃபா 0.7க்கு மேல் இருந்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா என்று மட்டும்தான் சொல்லும். வினாத்தாளை முதலில் சோதித்துப் பார்க்கும் முன்னோட்டத்தை, மாதிரியில் இல்லாத பள்ளியில் நடத்துங்கள்.

புள்ளியியல் பயமாக இருக்கிறது. எதெது தெரிந்தால் போதும்?

சராசரி, மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் திட்ட விலக்கம், இரண்டு குழுவை ஒப்பிட டி சோதனை, இரண்டுக்கு மேல் என்றால் மாறுபாட்டுப் பகுப்பாய்வு, தலை எண்ணிக்கைக்குக் கை வர்க்கச் சோதனை (chi-square), ஒட்டுறவு. எம்.எட்.டுக்கு இது போதும். டி சோதனையைக் கண்டவர் வில்லியம் கோசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். 1908இல் "மாணவன்" என்ற புனைபெயரில் வெளியிட்டார். சின்ன மாதிரியை வைத்து முடிவு எடுக்க வேண்டிய தேவை ஆலையில் இருந்தது, நமக்கும் இருக்கிறது.

பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தது என்றால், உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டால் இப்படியொரு முடிவு நூற்றில் ஐந்து தடவைக்கும் குறைவாகத்தான் தற்செயலாக வரும் என்று பொருள். வேறுபாடு பெரிது என்று பொருளில்லை. ஆயிரம் பிள்ளைகளை எடுத்தால் ஒன்றரை மார்க் வேறுபாட்டுக்குக்கூட பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்துவிடலாம். ஒன்றரை மார்க்குக்காக ஒரு டீச்சர் தன் முறையை மாற்ற வேண்டுமா என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது.

பெற்றோர் கையெழுத்து வாங்கினால் நெறிமுறை முடிந்ததா?

கையெழுத்தோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும்; வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குத் தாளில் இருப்பதைத் தமிழில் சொல்லுங்கள். அட்டப்பாடி மாதிரிப் பழங்குடிப் பகுதிக்குப் போவதென்றால் துறை அனுமதி என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். ஊர் மூப்பரிடம் பேசாமல் நேரே வீட்டுக்குள் நுழைவது மரியாதையும் அல்ல.

பெயரை மறைத்தேன் என்பது நம் ஊரில் போதாது. "சித்தூர் தாலுகாவின் ஒரு பஞ்சாயத்தில் உள்ள ஒரே தமிழ் யு.பி. பள்ளியின் தலைமையாசிரியை" என்று எழுதினால், பெயர் எதற்கு? டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

மலையாள ஆய்வேட்டைத் தமிழில் மாற்றி எழுதினால் மென்பொருள் பிடிக்காதாமே?

பிடிக்காமல் இருக்கலாம், திருட்டு திருட்டுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி ஆய்வேட்டில் ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனையில்லை. 40 வரை ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. முந்தைய ஆய்வுகளை நேர்மையாகப் பார்க்க ஷோத்கங்கா தளம் இருக்கிறது, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம்.

எந்த மாதத்தில் பள்ளிக்குப் போய்த் தரவு சேகரிப்பது?

ஜூனில் சேர்க்கை, ஆறாம் வேலைநாள் தலைக் கணக்கு என்று எச்.எம்.முக்கு மூச்சு விட நேரமிருக்காது. ஜூலை நல்ல மாதம், மழை லீவு குறுக்கே வராவிட்டால். ஓணப் பரீட்சையும் விடுமுறையும் முடிந்த பிறகு கொஞ்ச நாள் கிடைக்கும். அக்டோபர், நவம்பரில் சாஸ்திர மேளா (அறிவியல் கண்காட்சி), கலோத்சவம் (கலை விழா). நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் வகுப்பில் இருக்க மாட்டார்கள், அவர்கள் இல்லாமல் எடுத்த சராசரி பொய்ச் சராசரி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் ஜனவரி முழுதும் கிடைக்கும்; தமிழ்ப் பள்ளியாக இருந்தால் பொங்கல் வாரத்தை விட்டுவிடுங்கள். பிப்ரவரி பிறந்தால் பத்தாம் வகுப்புப் பக்கம் யாரையும் விட மாட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை என்றால் பிப்ரவரி நடு வரை தலைமையாசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.